வாணி அக்காவின் இடது கை

அன்புள்ள மீனாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆண்டு விழாவில் பட்டுப்பாவாடை கட்டி வாசலில் பன்னீர் தெளிக்க மாட்டேன், பையன்கள் மாதிரி எனக்கும் மைக் பிடிக்கிற வேலை கொடுங்கள் என்று உன் பெண் சொன்னாளாம், அதற்கு இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். "நீ டீச்சரா இருந்தவ, நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் கண்டிம்மா" என்கிறாய். என்னால் முடியாதுடி.

வாணி அக்காவை உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு நாலு வயது. எண்ணெய்ப் பணத்தில் நைஜீரியாவில் பள்ளிக்கூடங்கள் பெருகி, சொல்லித்தர ஆளில்லாமல் நம் பக்கத்திலிருந்தெல்லாம் வாத்தியார்களை எடுத்த காலம். நாங்கள் உமுவாகியா பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அந்த ஊர்க்காரர்கள் இக்போ இனத்து ஜனங்கள், அவர்கள் பாஷைக்கும் இக்போ என்றுதான் பெயர். வாணி அங்கே என் மாணவி, முழுப்பெயர் ன்வான்யிபுயிஹே. பெண்ணும் ஒரு பொருட்டுதான் என்று அர்த்தம். அது உன் வாயில் வாணி ஆகிவிட்டது.

1984. புதிதாக வந்த ராணுவ ஆட்சி 'ஒழுங்கீனத்தின் மீது போர்' என்று அறிவித்து, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்காதவர்களைச் சிப்பாய்கள் சாட்டையோடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே காற்றுதான். இக்போவில் பேசினால் முட்டி போட வேண்டும், தாமதமாக வந்தால் பிரம்பு. டெக்னிக்கல் டிராயிங் பையன்களுக்கு, சமையலும் தையலும் பெண்களுக்கு. இவள் போய் டிராயிங் வகுப்பில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே அனுப்பினால் மறுநாளும் அங்கேயே இருப்பாள். வெட்கப்படட்டும் என்று பையன்களுக்குக் கொடுக்கிற தண்டனையைக் கொடுத்தார்கள், இடுப்பளவு புல்லை வெட்டுக்கத்தியால் வெட்டச் சொல்லி. வெட்டி முடித்து, வியர்வையோடு அதே வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பெண் பிள்ளை என்பதால் பிரம்பு என் கைக்கு வந்தது. உள்ளங்கையில் ஆறு அடி. நீட்டு என்றேன். இடது கையை நீட்டினாள். நம்மைப் போலவே அங்கேயும் பெரியவர்களிடம் இடது கையை நீட்டுவது மரியாதைக் குறைவு. எனக்குச் சுரீர் என்று ஏறியது. மூன்றாவது அடியிலிருந்து, உண்மையைச் சொல்கிறேன், பலமாகவே அடித்தேன். அவள் கையை இழுக்கவே இல்லை.

ஓய்வறையில் ஒரு இக்போ டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவள் எந்த ஊர் என்று தெரியுமா? ஓலோகோ." 1929-ல் அங்கேதான், பனைப்பழ எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ன்வான்யெருவா என்ற பெண்ணிடம் வெள்ளைக்காரன் ஆட்சியின் ஆள் வந்து, வீட்டில் ஆட்கள் எத்தனை, ஆடுகள் எத்தனை என்று கணக்குக் கேட்டான். வரி போடத்தான் எண்ணுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் அம்மாவை எண்ணினாயா என்று திருப்பிக் கேட்டாள். அங்கிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். சுட்டதில் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஆனாலும் வெள்ளைக்காரன் வைத்திருந்த பல நாட்டாமைகளின் பதவி பறிபோனது. தப்பு செய்த ஆண்பிள்ளை வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாகப் போய், உலக்கையால் சுவரை இடித்து, அவனைக் கேலி செய்து விடிய விடியப் பாடுகிற வழக்கம் அவர்களுக்கு அதற்கும் முன்பே உண்டாம். அதற்கு 'ஆள் மேல் உட்காருவது' என்று பெயர், கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் வகுப்புப் பக்கம் போனேன். தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். இடது கை வீங்கியிருந்ததால் ஸ்கேலை அழுத்திப் பிடிக்க முடியாமல் முழங்கையால் அழுத்தியிருந்தாள், பென்சில் வலது கையில். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எந்தக் கையை எதற்காக ஒளித்து வைத்தாள் என்று. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை நான். ஊர் திரும்பும்வரை கேட்கவில்லை.

2014-ல் நைஜீரிய உச்ச நீதிமன்றம், அப்பா சொத்தில் இக்போ பெண்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் செல்லாது என்று சொன்ன செய்தியைப் படித்தபோதும் அந்த முழங்கைதான் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், அவளிடம் கொடு. மைக்கில் என்ன பேசுவதாக இருந்தாள் என்று கேட்க வேண்டும்.

அம்மா