‘தண்ணிக்காரன் வந்தானா?’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் பிரம்பை எடுத்துவிட்டதால்தான் சிறு பிள்ளைகள்கூடப் பெரியவர்களை மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழுக்கு எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. அவர் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி பணியாளராக 31 ஆண்டுகள், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது சென்னையில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. மூன்று, நான்கு வயதில் ‘போடா’, ‘வாயை மூடு’ என்று பெரியவர்களைப் பார்த்துச் சொல்லும் குழந்தை, பள்ளிக்கூடத்தின் வாசலையே இன்னும் மிதித்திருக்காது. அது பேசுவது முழுவதும் வீட்டிலும் தெருவிலும் கைப்பேசியிலும் கேட்ட பேச்சு. ஆகவே பிரம்பு இருந்ததா இல்லையா என்பதைவிட, அந்தக் குழந்தையின் காதில் என்ன விழுந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்த ஒரு தம்பியைப் பார்த்து, நாலரை வயதுப் பேரன், ‘ஏய் தண்ணி, அங்க வைடா’ என்றான். என் மருமகன் நல்லவர், பிள்ளையிடம் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் வெட்கத்தில் துடித்துப்போய் அந்த இடத்திலேயே பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டார். கேன் கொண்டுவந்தவர், ‘விடுங்க சார், சின்னப் புள்ள’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பேரன் அரைமணி நேரம் அழுதான். எந்த வார்த்தைக்காக அடி விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது, ‘கேனை வேற எங்க வைக்கச் சொல்லணும் பாட்டி?’ என்று அவன் என்னிடம் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வா, வாங்க, வந்தான், வந்தார், வந்தாங்க. யாருக்கு எந்த விகுதி என்பதைக் குழந்தைக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அது கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் அலுவலக மேலாளர் ‘வந்தார்’. குப்பை வண்டியோடு வருபவர் ‘வந்தான்’. பாத்திரம் துலக்க வரும், என்னைவிட நாலைந்து வயதே இளையவரான அம்மாளைப் பற்றி, ‘இன்னிக்கு வருவாளா மாட்டாளா?’ என்ற கேள்வி. தினமும் காலையில், ‘தண்ணிக்காரன் வந்தானா?’ என்று என் மகளே கேட்பாள், நானும் கேட்டிருக்கிறேன். பிள்ளை நாங்கள் பேசியதைத்தான் பேசினான். அம்மாவை ‘நீ’ என்று கூப்பிடுவது எத்தனையோ வீடுகளில் உள்ள பழக்கம். அதில் அன்பு இருக்கிறது, அவமரியாதை இல்லை. ஆனால் உழைத்துப் பிழைக்கிறவர் என்பதற்காகவே ஒருவரை ஒருமையில் குறிப்பிடும் வழக்கம் பெரியவர்களின் நாவில் இருக்கும்வரை, அது குழந்தையின் நாவில் ஏறாமல் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் மழலையில் தாத்தாவை ‘போடா’ என்று சொன்னபோது கைகொட்டிச் சிரித்தவர்கள் நாம்தாம். ‘இன்னொரு தரம் சொல்லு’ என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியதும் நாம்தாம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே சொல்லுக்கு அடி விழுந்தால், அந்தக் குழந்தை என்னவென்று புரிந்துகொள்ளும்? அன்று சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலே போதும், பாதிச் சொற்கள் தானாக உதிர்ந்துபோயிருக்கும்.

அடியைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பிள்ளையை அடித்திருக்கிறேன். நான்கு வயதுப் பையன் எங்கள் ஆயாவின் மீது எச்சில் துப்பினான். மர அளவுகோலால் கெண்டைக்காலில் இரண்டு அடி கொடுத்தேன். துப்புவது நின்றது, அதோடு அவன் பாட்டுப் பாடுவதும் நின்றது. பதினைந்து நாள் பாயில் வந்து உட்காராமல் சுவரோரமாகவே நின்றான். அவன் தாய் விடியுமுன்பே நடவுக்குப் போய்விடுகிறாள், பிள்ளை வெறும் கடுங்காப்பியோடு வருகிறான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினொரு மணிக்கு மேல் அவன் காட்டியதெல்லாம் பசியின் கோபம். வந்தவுடன் சத்துமாவு உருண்டை ஒன்றைக் கையில் கொடுக்கத் தொடங்கிய பிறகு அவனுடைய முரட்டுத்தனம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெருமளவு குறைந்தது. அந்தப் பிள்ளையின் கால் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. சுவீடன் நாட்டில் 1979ஆம் ஆண்டிலேயே பெற்றோர்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, அது எனக்கு வியப்பாக இருக்கவில்லை.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா என்று அந்த வாசகர் கேட்கக்கூடும். கட்டாயம் கண்டிக்க வேண்டும், அதுவும் அந்தக் கணத்திலேயே. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ‘அப்படிச் சொல்லக் கூடாது, அண்ணா, இங்க வைங்கன்னு சொல்லு’ என்று, வேண்டாத சொல்லோடு வேண்டிய சொல்லையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவன் திரும்பச் சொன்னதும் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். மாலைவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி அவனைக் குறுக வைக்கக் கூடாது. கை ஓங்கினாலோ துப்பினாலோ, கையைப் பிடித்து அந்த இடத்தைவிட்டு அழைத்துப் போய், அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா கண்டிக்கும்போது பாட்டி வாரி அணைத்து மிட்டாய் கொடுத்தால், இவ்வளவும் வீண். என் வயதுக்காரர்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்கிறேன். இன்று ஒரு சட்டம், நாளை ஒரு சட்டம் என்றில்லாமல் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே சொல்லாக இருந்தால், சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியும். களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் பழைய சொல் மீண்டும் வரத்தான் செய்யும். அப்போதும் இதே முறைதான்.

மறுப்பதையும் மரியாதைக் குறைவையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன், மடியில் உட்கார மாட்டேன் என்று ஒரு குழந்தை சொன்னால் அது துடுக்குத்தனம் ஆகாது. தன் உடம்பைத் தொட யாருக்கு இசைவு, யாருக்கு இல்லை என்று அது சொல்லக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பேச்சை ‘பெரியவங்க சொன்னா கேக்கணும்’ என்று அடக்கிவிட்டு, பிறகு ஆபத்து வந்த வேளையில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை. முத்தம் வேண்டாம் என்றால் வேண்டாம். ‘வணக்கம் மாமா’ என்று ஒரு சொல் போதும்.

எங்கள் வீட்டில் அன்று பிள்ளைக்கு அடி விழுந்ததே தவிர, அவமதிக்கப்பட்டவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை நான் அன்றிரவு மருமகனிடம் சொன்னேன். நான்கு நாள் கழித்து அவர் மீண்டும் கேனோடு வந்தபோது, மருமகனே வாசலுக்குப் போய், ‘அன்னிக்கு எங்க பையன் தப்பாப் பேசிட்டான், மனசுல வச்சுக்காதீங்க தம்பி’ என்றார். பேரன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.