இருபது பைட்

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறக்கப் போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டபொம்மன் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கேட்டால் அதே வசனம்.

சிவகாசியில் இந்த மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று அச்சகத்தின் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும். எந்த ஜாப் எங்கே நிற்கிறது என்பது பாதி வாட்ஸப்பிலும் பாதி ஃபோர்மேன் அண்ணாச்சி தலையிலும்தான் கிடந்தது. மாசியில் எனக்கு ஒரு வெறி வந்தது. வேலைகளைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவானேன், நம்ம சர்வரில் நாமே போட்டுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன்.

முதலில் ஓப்பன்புராஜெக்ட். குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமல் 2 ஜிபி மெஷினில் ஏற்றிவிட்டு, சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஏன் புராசஸைக் கொன்றுகொண்டே இருக்கிறது என்று ராத்திரி 2 மணி வரை முழித்தேன். சிரிக்காதே. கடைசியில் ரெட்மைன் போட்டேன், 2006-இல் வந்த பழைய ஆள். அதிலிருந்து பிரிந்தது சில்லிபுராஜெக்ட், அதிலிருந்து பிரிந்ததுதான் ஓப்பன்புராஜெக்ட். பேரனுக்கு என் வீடு பத்தவில்லை. தாத்தா திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்.

சர்வரில் உபுண்டு 22.04 ஆபரேட்டிங் சிஸ்டம். சாஃப்ட்வேரைத் தனித்தனி கன்டெய்னராக, அதாவது பெட்டியாக, ஓட்டும் டாக்கரில் ரெட்மைனும் அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் 16-ம். நெட்வொர்க் வாசலான போர்ட்டின் எண்ணை எழுதும்போது உன் குரல் காதில் கேட்டது: ‘டாக்கர் திறக்கிற போர்ட்டை யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காதுடா.’ வெளியிலிருந்து நேராக அந்த போர்ட்டுக்கு வர முடியாதபடி எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்தேன். புரூஃப், பிளேட், மெஷின், பைண்டிங் என்று நிலைகளை வைத்தேன். முதலில் நக்கலடித்த அண்ணாச்சி, இப்போது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு போனில் பார்த்து, ‘அந்த முருகன் படம் புரூஃப்லயே நிக்குதே’ என்று டிடிபி பெண்ணை விரட்டுகிறார்.

சரி, விஷயம் இதுதான். போன வாரம் பெரிய மெஷினுக்கு மாற்றலாம் என்று பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். குறித்த நேரத்தில் பேக்கப் எடுக்கச் சொல்லும் கிரான் தினமும் ராத்திரி ஓடியிருக்கிறது. பிப்ரவரி 15-லிருந்து ஜூலை 5 வரை 141 கோப்புகள், ஒருநாள் தவறவில்லை. ஒவ்வொன்றும் 20 பைட்.

கோப்பைச் சுருக்கும் ஜிஜிப், ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் 20 பைட் வருமாம். தரவுத்தளத்தைக் கோப்பாக எடுக்கிற பிஜி-டம்ப், உபுண்டுவில் இருந்தது பதிப்பு 14, தரவுத்தளம் 16. புது சர்வரைப் பழைய டம்ப் தொடாது, பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் ஒன்றின் வெளியீட்டை அடுத்ததுக்குக் கொடுக்கும் பைப்பில் கடைசியாக நின்ற ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்ததால், என் ஸ்கிரிப்ட் தினமும் ‘வெற்றி’ என்று எழுதி வைத்திருக்கிறது! ஹாஸ்டல் மெஸ் ரசம்தான் ஞாபகம் வந்தது.

எதுவும் போய்விடவில்லை, சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும் டம்பை ஓட்டுகிறேன், பைப்பில் எது தோற்றாலும் பிழை காட்டும் பைப்ஃபெயில் போட்டாயிற்று. இணைப்புக் கோப்புகள் தரவுத்தளத்தில் இல்லை, ஃபைல்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன என்பதும் அப்போதுதான் உறைத்தது; அதையும் சேர்த்தேன். பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பார்த்தேன். முருகன் படம் திறந்தபோதுதான் மூச்சு வந்தது.

ஆனாலும் தூக்கம் வரவில்லை, செல்வா. அண்ணாச்சி ஒருநாள் லீவு போட்டால் அச்சகமே தடுமாறுகிறது என்றுதான் இதை ஆரம்பித்தேன். அவர் தலையில் இருந்ததை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அவரிடமாவது யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு ஒன்று ஆனால் இங்கே அந்த சர்வருக்குள் நுழையக்கூட ஆள் இல்லை. போன மாதம் பைக்கில் சறுக்கி விழுந்தேன், முழங்கையோடு போயிற்று. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அதனால் மீட்கும் வழியை நாலு பக்கத்துக்குக் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் ஒரு பிரதி இருக்கட்டும். படித்துப் பார்த்து, எந்த வரியில் மாட்டிக்கொள்கிறாய் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மிஸ்டு கால் கொடுத்தால் எடுக்க மாட்டேன்.

உன்,
ரவி