தனித்தட்டு வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர்பிரெட் குக்கீ செய்யப் போவதாகச் சொன்னாய். "உன் மகளுக்கு மட்டும் நாலைந்து தனியாகச் செய்துவிடட்டுமா?" என்றும் கேட்டாய். தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை.

போன வருடம், சீலியாக் நோயால் கோதுமையே ஆகாத அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டில் கடையில் வாங்கிய இரண்டு குக்கீகளை வைத்திருந்தாய். பொட்டலத்தின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாங்கியிருப்பாய், எனக்குத் தெரியும். அவளும் நன்றி சொல்லிச் சாப்பிட்டாள். மற்றக் குழந்தைகள் மேசையைச் சுற்றி நின்று குக்கீ மனிதர்களுக்கு ஐசிங்கில் கண்ணும் வாயும் வரைந்துகொண்டிருந்தார்கள். இவள் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஐசிங்கிலும் கோதுமை இருக்குமா, அம்மா?" ஐசிங்கில் இல்லை. குக்கீயில் இருந்தது, அதைத் தொட்ட விரல்களில் இருந்தது, அந்த விரல்கள் போய்வந்த ஐசிங் கிண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அதனால் கேட்கிறேன், நாலைந்து வேண்டாம். மொத்தத்தையும் குளூட்டன் (கோதுமையில் இருக்கும், அவளுக்கு ஆகாத புரதம்) இல்லாமலே செய். எல்லோரும் அதையே தின்போம்.

ருசி குறையுமோ என்று தயங்குவாய். ரொட்டி என்றால் நானும் தயங்கியிருப்பேன். கோதுமை மாவைப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் வலைதான் காற்றைப் பிடித்து ரொட்டியை உப்ப வைக்கிறது. அது இல்லாமல் நல்ல ரொட்டி சுட நான் பட்ட பாடு தனிக் கதை. குக்கீக்கு அந்த வலை தேவையே இல்லை. கோதுமைக் குக்கீ செய்யும்போதுகூட 'அதிகம் பிசையாதே, கடினமாகிவிடும்' என்றுதானே சொல்வார்கள்? அப்படி நாம் விரட்டப் பார்க்கும் குளூட்டன், நான் சொல்லும் மாவில் முதலிலேயே இல்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லெப்குகன் என்ற மசாலாக் குக்கீ வகைகளில் உயர்ந்ததாக மதிக்கப்படும் எலிசன் லெப்குகனில் பாதாம், ஹேசல்நட் போன்ற கொட்டைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாவு குறையக் குறையத்தான் அங்கே மதிப்பு. (அதற்காகக் கடையில் பார்த்ததும் அவளுக்கு வாங்கிவிடாதே. அடியில் இருக்கும் மெல்லிய வெள்ளை வில்லை பெரும்பாலும் கோதுமையில் செய்தது.)

நான் செய்யும் அளவைத் தருகிறேன். மிக நைசான அரிசி மாவு 220 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 80 கிராம், பாதாம் மாவு 60 கிராம், குளூட்டனுக்குப் பதிலாக மாவை ஒட்டவைக்கும் சாந்தன் கம் தூள் முக்கால் தேக்கரண்டி. சாந்தன் கம்மைக் கூட்டினால் குக்கீ ரப்பராகிவிடும். விட்டுவிட்டால் அச்சிலிருந்து எடுக்கும்போதே மனிதனுக்குக் கை உடையும். சுக்குத் தூளும் பட்டைத் தூளும் இரண்டிரண்டு தேக்கரண்டி, கிராம்புத் தூள் கால், சமையல் சோடா அரை, உப்பு கால். வெண்ணெய் 115 கிராமையும் பழுப்புச் சர்க்கரை 100 கிராமையும் குழைத்து, ஒரு முட்டையும் 110 கிராம் மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) சேர்த்துவிட்டு மாவைக் கொட்டு. மொலாசஸின் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கிறது. அதைக் குறைத்துவிட்டு வெறும் சர்க்கரை போடாதே.

இனிதான் உன் பொறுமைக்குச் சோதனை. பிசைந்ததும் சுடாதே. அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். முதல் தடவை அவசரப்பட்டு அரை மணி நேரத்தில் சுட்டேன். பல்லில் மணல் நறநறத்தது. இரவு முழுவதும் குளிர்பெட்டியில் கிடக்கட்டும். மறுநாள் இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தாளோடு கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்த பிறகு அச்சால் வெட்டு. வெட்டிய உருவத்தைத் தூக்காதே. சுற்றியிருக்கும் மாவை உரித்து எடு, உருவம் தாளிலேயே கிடக்கட்டும். மிஞ்சிய துண்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்துத் தேய்க்கலாம், கோதுமை மாவைப் போல இறுகாது. குழந்தைகள் கையில் கொடுக்க இதைவிட நல்ல மாவு இல்லை.

ஓவன் 175 டிகிரி செல்சியஸ், 9 முதல் 11 நிமிடம். நிறம் ஏற்கெனவே கறுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. ஓரம் இறுகி, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிடு. ஆறும்வரை தட்டிலிருந்து அசைக்கவும் கூடாது.

செய்முறை இவ்வளவுதான். எனக்குப் பயம் உன் சமையலறையைப் பற்றியது, கோபித்துக்கொள்ளாதே. குளூட்டன் இல்லாதது என்று சொல்ல ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தரம். ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். ஒரு சிட்டிகை மாவு சிந்தினாலே மொத்தக் குக்கீயும் அவளுக்கு ஆகாததாகிவிடும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பலகையில் ஒட்டாமலிருக்க மாவு தூவுகிற பழக்கம் உன் கைக்கு உண்டு. தாளுக்கு நடுவே தேய்க்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அதுதான். மர உருளைக்கட்டையும் பழைய சல்லடையும் எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. முதல் நாள் கோதுமை கேக் எதுவும் செய்யாதே, காற்றில் பறந்த மாவு பிறகுதான் வந்து படியும்.

"கொஞ்சம் பட்டால் என்ன? நம் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது?" என்று ஒருமுறை கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நோய் இருந்தது, காரணம்தான் தெரியாமல் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. எல்லோரும் வாடிய அந்த நாட்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மீண்டும் படுத்தார்கள். கோதுமையை முன்பே சந்தேகித்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் அதை ஆராய்ந்து 1950இல் எழுதி வைத்தார். குளூட்டனை விலக்குவதைத் தவிர இன்றைக்கும் இதற்கு வேறு மருந்து இல்லை. கொஞ்சம் பட்டாலும் அவள் சிறுகுடலின் உட்சுவர் புண்படுகிறது, வலி தெரியாத நாளிலும்.

புது உருளைக்கட்டையும் சல்லடையும் மாவுகளும் நானே எடுத்து வருகிறேன். மசாலாத் தூள்களையும் ஐசிங் சர்க்கரையையும் சீல் பிரிக்காமல் வாங்கி வை. பொட்டலத்தில் கோதுமை என்ற சொல் எங்கும் இருக்கக் கூடாது. உன்னிடம் இருக்கும் தகர அச்சுகள் போதும், மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிடு. ஒரு கால் வளைந்த மனிதன் அச்சு இன்னும் இருக்கிறதா என்று அவள் கேட்கச் சொன்னாள். போன வருடம் சுவரோரத்திலிருந்தே அதைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

உன் தங்கை