மாப்ளைக்கு, மார்கழியில இருந்து

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. போன்ல தட்டுறதுக்கு எனக்குப் பொறுமை கிடையாது, பேரன் அவன் பழைய லேப்டாப்ல தமிழ் டைப்பிங் போட்டுக் குடுத்திருக்கான், அதுல ஒத்த வெரல வச்சுத் தட்டிக்கிட்டு இருக்கேன், தப்பு இருந்தா நீயா திருத்திப் படிச்சுக்க.

டொராண்டோல காலைல எட்டு மணி ஆகுது வெளிச்சம் வர்றதுக்கு, சாயந்தரம் அஞ்சுக்குள்ள இருட்டிருது, அதுலயும் பாதி நாளு மேகம்னு எழுதியிருந்த. "நீ பாட்டுக்கு கண்மாய்க்கரையில உக்காந்து சூரியனையும் பாத்துக்கிட்டு சாமியையும் பாத்துருவ, நான் பதினாலாவது மாடியில கண்ணாடிக்குள்ள உக்காந்து எதடா பாக்க"ன்னு கேட்டியே, அது மனசுல கெடந்து கொடஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மொதல்ல ஊர்க்கதை. மழை இந்த வருசம் பரவால்ல, கண்மாயில தண்ணி கெடக்கு. மார்கழி பொறந்ததுல இருந்து வெள்ளன நாலரை மணிக்கே மைக்செட்டு போட்டுர்றாய்ங்க, ஒரு பக்கம் திருப்பாவை, ஒரு பக்கம் திருவெம்பாவை, நடுவுல ஐயப்பன், எல்லாம் ஒண்ணா கலந்து காதுல விழுகும். பனிக்கு மல்லிகைப்பூ வரத்து கொறஞ்சு போச்சு, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல வெலயக் கேட்டாலே தலை சுத்துது, உன் தங்கச்சி கனகாம்பரத்த வச்சுக்கிட்டு சமாளிக்கிறா. அவளுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கு. நம்ம சைக்கிள் கடை அண்ணன் போன மாசம் தவறிட்டாரு, உனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். தூக்கத்துலயே போயிட்டாரு. நல்ல சாவுதான். கடையை அவரு மகன் நடத்துறான், பஞ்சருக்கு மட்டும் போறேன்.

சரி, உன் கேள்விக்கு வர்றேன்.

நான் கண்மாய்க்கரையில உக்காந்து சாமியப் பாத்துர்றேன்னு யாரு சொன்னது? நான் நடக்கப் போறது சுகருக்காக, டாக்டர் சொன்னதால. நாகமலை புதுக்கோட்டைல இருந்து கீழக்குயில்குடி ரோட்டுல போயி, சமணர் மலை அடிவாரத்துல அந்த ஆலமரத்துக்கிட்ட கொஞ்சம் உக்காந்துட்டு வருவேன். இருட்டு பிரியுறதுக்கு முன்னாடியே கரிச்சான் கத்த ஆரம்பிச்சுரும், அதுக்கப்புறம்தான் காக்கா, அப்புறம் மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் சேந்து சண்டை போடும். மயிலு இப்ப எங்க பாத்தாலும் மயிலுதான், அது அகவுறதக் கேட்டா பக்தி வராது, எரிச்சல்தான் வருது. வெயில் ஏற ஏற குளத்துல தாமரை விரியும். ஞாயித்துக்கிழமைன்னா அதுக்குள்ள ஒரு கூட்டம் வந்து ட்ரைபாட் போட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்கும். மலைல பேச்சிப்பள்ளத்துல தீர்த்தங்கரர்கள வரிசையா செதுக்கியிருக்காங்கல்ல, ஆயிரம் வருசத்துக்கு மேல அந்த விடியலப் பாத்துக்கிட்டு இருக்குற ஆளுங்க. அங்க இருந்த சமண சாமியாருங்க பொழுது சாஞ்சா சாப்பாட்டைத் தொட மாட்டாங்க, பாத்தியா. சூரியன் போயிட்டா இலைய மூடிரணும். அது ஒரு ஒழுங்கு. சூரியன் அழகா இருக்கா இல்லையாங்குறது இல்ல அங்க பேச்சு, அது சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டாங்க.

எனக்கு இந்த "இயற்கையை ரசிங்க, மனசு அமைதியாகும்"ங்குற வீடியோ எல்லாம் பிடிக்கவே மாட்டேங்குது மாப்ள. அதுல எல்லாமே நமக்காக நடக்குற மாதிரி காட்றாய்ங்க, சூரியன் நம்ம டென்சனக் கொறைக்க உதிக்குதாம். நான் சர்வீஸ் பூரா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன், நேரத்துக்கு வர்ற வண்டிய எவனும் பாராட்ட மாட்டான், லேட்டானா மட்டும் நம்ம சட்டையப் பிடிப்பான்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல பகலு இருக்கே, வருசத்துலயே நீளமான நாளுக்கும் குட்டையான நாளுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்ளோதான். உங்க ஊர்ல அது ஆறு மணி நேரத்தையும் தாண்டுது. அதான் நாங்க இங்க பொழுத கவனிக்காம விட்டுட்டோம், நீ அங்க போனதும் அது இல்லாததக் கவனிக்கிற.

மீனாட்சியம்மன் கோயிலயே எடுத்துக்க. சின்ன வயசுல நம்ம ரெண்டு பேரும் பள்ளியறை பூஜைக்குப் பாலு குடுப்பாங்கன்னு நின்னது ஞாபகம் இருக்கா? ராத்திரி நடை சாத்துறதுக்கு முன்னாடி சொக்கரோட திருவடியப் பல்லக்குல வச்சு, மேளம் வாசிச்சு, அம்மன் சன்னதில இருக்குற பள்ளியறைக்குக் கொண்டு போவாங்க. காலைல திருவனந்தல்ல எழுப்பி விடுவாங்க. அப்புறம் விளாபூஜை, காலசந்தி, திரிகாலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம்னு நாள் பூரா. உலகத்தையே ஆட்டி வைக்கிறவருன்னு சொல்லிட்டு அவரையும் நேரத்துக்கு எழுப்பி, நேரத்துக்குச் சோறு வச்சு, நேரத்துக்குத் தூங்க வைக்கிறாங்க பாரு. அவரும் பேசாம எந்திரிக்கிறாரு. முன்னெல்லாம் எனக்கு இது சடங்கு, பட்டர்மாரு வேலைன்னுதான் தோணும். இப்ப வேற மாதிரி தோணுது. அதுக்குக் காரணம் கோயில் இல்ல, எங்க அம்மா.

அம்மாவுக்கு இப்ப சுத்தமா கண்ணு தெரியாது, போன தடவ நீ வந்தப்ப வெளிச்சமாவது தெரிஞ்சுச்சு, இப்ப அதுவும் போச்சு. நடு ரூம்ல கட்டில்ல கெடக்கு. ஆனா நேரம் மட்டும் டான்னு சொல்லும். பால்காரர் டிவிஎஸ் வண்டி சத்தம் கேட்டா விடிஞ்சுருச்சு, பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடிச்சா எட்டரை, எதுத்த வீட்டு குக்கர் விசில் பன்னெண்டு, கிளி கத்திக்கிட்டு மேக்க போச்சுன்னா விளக்கேத்தச் சொல்லும். நல்லாதான் போயிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல பால்காரரு முடியலன்னு மாட்ட வித்துட்டாரு, நாங்க பாக்கெட் பாலுக்கு மாறிட்டோம், பையன் சத்தமே இல்லாம கேட்ல தொங்குற பையில போட்டுட்டுப் போயிருவான். அதுல இருந்து அம்மாவுக்குக் காலைப் பொழுது தவறிப்போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு காப்பி கேக்கும், விடிஞ்சுருச்சுல்லடா ஏன் யாரும் எந்திரிக்கலன்னு சத்தம் போடும், அப்புறம் பகல் பூரா தூங்கும். டாக்டர்கிட்ட கேட்டா வயசாச்சு அப்படித்தான் இருக்கும்னு தூக்க மாத்திரை எழுதுனாரு.

இத பக்கத்து வீட்டு சார்ட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், அவரு காமராஜர் யுனிவர்சிட்டி லேப்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. "அட, வௌவால் கேஸுங்க இது"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரு சொன்ன கதைய நீ கேக்கணும் மாப்ள, நம்ம ஊரு பக்கத்துலயே நடந்திருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சு.

அங்க எம்.கே. சந்திரசேகரன்னு ஒரு புரொபசர் இருந்தாரு, உயிர்களுக்குள்ள ஓடுற கடிகாரத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணவரு, 2009ல காலமாயிட்டாரு. யுனிவர்சிட்டி பக்கத்து மலைக் குகையில வௌவால் கூட்டம் இருக்கு, உள்ள போகப் போக ராத்திரி பகல் வித்தியாசமே கிடையாது, எந்நேரமும் கும்மிருட்டு. ஆனா பொழுது சாஞ்சதும் எல்லாம் சொல்லி வச்ச மாதிரி வெளிய பறக்கும். கெளம்புறதுக்கு முன்னாடி குகை வாசல் வரைக்கும் வந்து இருட்டிருச்சான்னு பாத்துட்டுத் திரும்ப உள்ள போகும், அப்புறம்தான் போகும். சரி, வாசலுக்கு வர முடியாத வௌவாலுக்கு எப்படித் தெரியும்? அவரும் அவரோட வேலை பாத்தவங்களும் சில வௌவாலப் பிடிச்சு கூண்டுல போட்டு குகைக்குள்ளயே ஆழத்துல வச்சிருக்காங்க. வெளிச்சத்தப் பாக்கவே வழி இல்ல. ஆனாலும் வெளிய எப்ப பொழுது சாயுதோ அப்ப கூண்டுக்குள்ள இதுவும் முழிச்சுப் பறக்க ஆரம்பிச்சுருக்கு. மத்ததுக போறதையும் வர்றதையும் வச்சு இது தன் நேரத்தச் சரி பண்ணிக்கிருச்சு. அதே மாதிரி கூண்ட, வேற வௌவாலே இல்லாத குகையில வச்சுப் பாத்திருக்காங்க. அங்க அதோட நேரம் நாளாக நாளாக விலகிப் போயிருச்சு, வெளியில இருக்குற ராத்திரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம. 1981ல இது வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையில வந்திருக்கு.

மனுசனையும் விடல. யுனிவர்சிட்டிலயே சன்னல், கடிகாரம், ரேடியோ, பேப்பர் எதுவும் இல்லாத ஒரு ரூம் கட்டி, விருப்பப்பட்டு வந்தவங்கள வாரக்கணக்கில உள்ள தங்க வச்சிருக்காங்க. தூங்கணும்னு தோணுறப்ப தூங்கலாம், பசிச்சாச் சாப்பிடலாம். பலருக்கும் ஒரு நாளுங்கிறது 24 மணி நேரத்தத் தாண்டி இழுத்துக்கிட்டுப் போயிருச்சாம், வெளிய வர்றப்ப இன்னைக்கு என்ன தேதின்னு இவங்க ஒண்ணு சொல்ல காலண்டர் ஒண்ணு சொல்ல.

இதக் கேட்டுட்டு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் அஞ்சரைக்கு எந்திரிச்சு பரண்ல கெடந்த பழைய தூக்குச்சட்டிய எடுத்து, எங்க டிவிஎஸ்ஸ ஸ்டார்ட் பண்ணி தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, கேட்டுல சட்டிய ரெண்டு தட்டு தட்டி "பாலு"ன்னு கத்துனேன். உன் தங்கச்சி பயந்து எந்திரிச்சுட்டா. அம்மா உள்ள இருந்து "இன்னைக்கு என்ன தம்பி இவ்ளோ லேட்டு"ங்குது! அப்ப இருந்து தெனமும் இதே டூட்டிதான். குரல் என்னோடதுன்னு அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும், தெரியும்னுதான் நெனைக்கிறேன். ஒரு தடவ "உனக்கு எதுக்குடா இந்த வேலை"ன்னு சிரிச்சுச்சு, அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசல. ரெண்டு மணி காப்பி நின்னுபோச்சு. மாத்திரையையும் நிப்பாட்டிட்டோம்.

நான் பெருசா பூஜை பண்ற ஆளு இல்லன்னு உனக்குத் தெரியும். ஆனா அந்த அஞ்சரை மணிக்குக் கேட்டுக்கிட்ட நிக்கிறப்ப, கரிச்சான் கத்திக்கிட்டு இருக்கும், மைக்செட்டு பாடும், கோயில்ல அந்நேரத்துக்கு யாரோ ஒருத்தரு சொக்கர எழுப்பிக்கிட்டு இருப்பாரு, நான் சட்டியத் தட்டிக்கிட்டு இருப்பேன். எல்லாரும் ஒரே வேலையத்தான் பாக்குறோம்னு தோணும். அதுக்கு மேல எனக்கு வெளக்கத் தெரியல. தியானம்னு நீ சொல்றது இதுவா இல்லையான்னும் தெரியல.

அஷ்டமி சப்பரத்துக்கு இந்தத் தடவ போனேன். மார்கழித் தேய்பிறை அஷ்டமி, சாமியும் அம்மனும் வெளி வீதில வந்தாங்க, அம்மன் சப்பரத்தப் பொம்பளைங்கதான் இழுக்குறாங்க, வழி நெடுக அரிசியத் தூவிக்கிட்டே போறாங்க. எல்லா உசுருக்கும் படியளந்த கதை. பார்வதி ஒரு எறும்பப் பிடிச்சு டப்பாக்குள்ள மூடி வச்சுட்டு, இதுக்கு எப்படி அளக்குறீங்கன்னு பாப்போம்னு தொறந்து பாத்தா எறும்பு வாயில ஒரு அரிசி இருந்துச்சுன்னு நம்ம ஆச்சி சொல்லுமே. சின்னப்புள்ளைல அந்தக் கதையில எனக்குப் பெரிய சந்தேகம் இருந்துச்சு, மூடுன டப்பாக்குள்ள அரிசி எப்படிப் போச்சுன்னு. கீழ விழுந்த அரிசில கொஞ்சம் பொறுக்கிட்டு வந்து அம்மா கையில குடுத்தேன், முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிருச்சு.

நீ பதினாலாவது மாடில ஒண்ணும் தெரியலங்குற. உன் பேரன் காலைல ஸ்கூலுக்குக் கெளம்புறப்ப எழுப்பி விடுறது யாரு, நீதானேடா? மூணு மணிக்கு வர்றப்ப வீட்டுல ஒரு ஆளு இருக்குறது யாரு? அந்தப் பயலுக்கு அந்த மேகத்துக்குள்ள காலை எது சாயந்தரம் எதுன்னு உன்ன வச்சுத்தான் தெரியுது. போதாதா? போதாதுன்னா போதாதுன்னு எழுது, சண்ட போடுவோம், நமக்கு என்ன புதுசா.

இன்னொண்ணு. அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு. இங்க சாயந்தரம் ஆறு மணின்னா உனக்குக் காலைல ஏழரை, அந்நேரத்துக்குப் போன் போடு, விளக்கேத்திட்டு முழிச்சுத்தான் இருக்கும். தெனமும் முடியாட்டியும் ஏதாவது ஒரு கெழமைய வச்சுக்க, கெழமைய மட்டும் மாத்தாத. தங்கச்சி பருப்புப்பொடியும் சுண்டவத்தலும் கூரியர்ல போடணும்னு பொட்டலம் கட்டி வச்சுட்டா, உன் மகன் அட்ரஸ வாட்ஸ்அப்ல அனுப்பு, போன தடவ மாதிரி போட்டோ எடுத்து மங்கலா அனுப்பாத, டைப் பண்ணி அனுப்பு.

உன் மாப்ள