மாத்திரையோடு பெயரையும் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருடம் மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். போன மாதம் என் மைத்துனருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

இதய வால்வு மாற்றியதிலிருந்து ஒன்பது வருடமாக அவர் தினமும் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் நாலைந்து தடவை பேதி. தெருமுனை மருந்துக் கடையில் "வயிறு சரியில்லப்பா" என்றிருக்கிறார். கடைப் பையன் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காகித உறையில் போட்டு, மேலே 1-1-1 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பேதி நின்றும் இவர் விடவில்லை, மறுபடி போய் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் சிவந்துவிட்டது.

"நாலு நாளா வாயில செப்புக் காசை வச்ச மாதிரி இருக்கு மாமா" என்று போனில் சொன்னார். எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது. ஓடிப்போய் உறையைப் பிரித்தால், மிஞ்சிய துண்டில் "டசோல் 400" என்பது மட்டும் இருந்தது. மெட்ரோனிடசோல்! வார்ஃபரின் உடம்பில் சிதைவதை இது தடுக்கும். ரத்தம் உறைவது தள்ளிக்கொண்டே போகும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு ஐ.என்.ஆர். மூன்றை ஒட்டி இருக்க வேண்டிய அது அவருக்கு 7.8. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. பெண்களுக்கு வரும் ட்ரைக்கோமோனாஸ் தொற்றுக்காக 1960 வாக்கில் வந்தது இது. அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறு அழற்சியும் சேர்ந்து ஆறிப்போனதை 1962இல் ஷின் என்ற பல் மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியாக்களுக்கு இது எமன் என்பது அதற்குப் பிறகுதான் தெளிவானது. அந்தக் கிருமிக்குள் போன பிறகுதான் மருந்துக்கு விஷம் ஏறும், அதன் டி.என்.ஏ.வை அறுக்கும். காற்றில் வாழும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது.

பல் வேரில் சீழ், குடல்வால் வெடித்த வயிறு, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் தொற்று: இதன் இடம் அங்கேதான். கட்டுப் பிரித்ததும் அறையே நாறும் புண்ணைப் பார்த்தால் எங்கள் சிஸ்டர் 100 மில்லி மெட்ரோ பாட்டிலைத்தான் கேட்பார். அமீபா சீதபேதிக்கும் கேட்கும். ஆனால் அது அமீபாதானா என்று டாக்டர் சொல்லட்டும். கல்யாண வீட்டுப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. கத்தரி முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். மருந்து ஆய்வாளர்கள் பில் புத்தகத்தைப் புரட்டுவதோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளையும் பார்க்க வேண்டும். மாத்திரையின் முழுப் பெயரை உறையில் எழுதாமல் கொடுக்கும் கடைக்கு அபராதம் போட வேண்டும். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க அந்தப் பையனுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
முசிறி.