ஃப்ளெமிங்கை ஏன் பாண்டாகவே காட்டினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய நாவலாசிரியர் இயன் ஃப்ளெமிங்கின் வாழ்க்கையை வைத்து 2014-இல் வந்த நான்கு பகுதித் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். டொமினிக் கூப்பர் நன்றாகவே நடித்திருக்கிறார், அவர் மீது குறை இல்லை. ஆனால் சூதாட்டம், மது, பெண்கள், கடைசியில் எதிரி மண்ணில் சாகசம் என்று எழுதியவரையே பாண்டாக மாற்றிவிட்டார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃப்ளெமிங்கின் இடம் லண்டன் கடற்படைத் தலைமையகத்தின் 39-ஆம் எண் அறை. உளவுப் பிரிவுத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரேயின் உதவியாளர் அவர். குறிப்பு எழுத வேண்டும், யோசனை சொல்ல வேண்டும், மற்ற உளவுத் துறைகளோடு பேச வேண்டும், இதுதான் வேலை. 1942-இல் பிரான்ஸின் டியெப் துறைமுகத்தில் நேச நாட்டுப் படைகள் நடத்திய தாக்குதலைக்கூட அவர் கடலில் கப்பலில் நின்றுதான் பார்த்தார், கரையில் இறங்கவில்லை.

சரி, மேசை வேலையில் விறுவிறுப்பு இல்லையா? 1940 செப்டம்பரில் அவர் கொடுத்த ஒரு திட்டத்தைப் பாருங்கள். பிடிபட்ட ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஜெர்மன் சீருடை போட்ட ஆட்களை ஏற்றி, வேண்டுமென்றே ஆங்கிலக் கால்வாயில் விழச் செய்வது, காப்பாற்ற வரும் ஜெர்மன் படகை மடக்கி அதிலிருக்கும், எனிக்மா என்ற ஜெர்மன் சங்கேத இயந்திரத்துக்கான புத்தகங்களை எடுத்துக்கொள்வது. எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் கணித அறிஞர் ஆலன் டூரிங்கும் மற்றவர்களும் அந்தப் புத்தகங்களுக்காகக் காத்துக்கிடந்தார்கள், ஆனால் தோதான படகு சிக்காமல் திட்டமே கைவிடப்பட்டது. காகிதத்தில் எழுதியது நடக்குமா நடக்காதா என்று ஒரு மனிதர் அறைக்குள் தவித்திருக்கும் அந்த வாரங்களை வைத்தே ஒரு முழுப் பகுதி எடுத்திருக்கலாமே!

எல்லாச் சாகசத்தையும் அவரே செய்து முடித்திருந்தால் அப்புறம் நாவல் எதற்கு? மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் காத்திருந்தவர் என்பதால்தான் அவருக்குப் பாண்ட் தேவைப்பட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1952-இன் தொடக்கத்தில், 43 வயதில், ஜமைக்காவில் தன் கோல்டன்ஐ வீட்டின் ஜன்னல்களை அடைத்துவிட்டு, வெளியே கடல் இருக்க, காலை வேளைகளில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து முதல் நாவலை எழுதினார். அந்த அறையைத்தான் நான் அதிக நேரம் பார்க்க விரும்பினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்