'பெர்வேட்' வினைக்குப் பின் 'இன்' வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டித் தேர்வுப் பக்கங்களில் 'பெர்வேட்' என்ற ஆங்கில வினைக்குப் 'பரவு' என்று மட்டும் பொருள் தருகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் மல்லிகை மணம் அறையில் பரவியது என்கிறோம். அந்த 'இல்' உருபை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், மாணவர்கள் 'பெர்வேடட் இன் தி ரூம்' என்று எழுதிவிடுகிறார்கள். பெர்வேட் செயப்படுபொருள் குன்றா வினை, அதாவது 'எதை' என்பதற்கான சொல்லை இடையில் எதுவும் இன்றி நேராக ஏற்பது. 'பெர்வேடட் தி ரூம்' என்பதே சரி. 'முழுக்க நிறைத்தது' என்று சொல்லிக்கொடுத்தால் 'அறையை' என்ற இரண்டாம் வேற்றுமை தானாக வந்துவிடும், 'இன்' நுழையாது.

எழுவாயிலும் கவனம் தேவை. மணம், அச்சம், ஊழல், மௌனம் போன்றவையே இதற்கு எழுவாயாகும். கூட்டம் மைதானத்தில் பரவி நின்றதைச் சொல்ல 'ஸ்ப்ரெட்' போதும். 'அறை மணத்தால் நிறைக்கப்பட்டது' என்பதுபோலச் செயப்பாட்டு வினையில் எழுதும்போது, 'ஆல்' என்ற பொருள் தரும் 'பை' சேர்க்க வேண்டும்.

'பெர்மியேட்' இதற்கு நெருங்கிய சொல்தான், ஆனால் அதில் துளை வழியே ஊடுருவும் பொருள் உண்டு. அதனால் நீர் மண்ணுக்குள் இறங்குவதைச் சொல்லும்போது 'த்ரூ' சேர்ப்பது தவறில்லை. ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் சவ்வைக் கடந்து வரும் நீருக்கே 'பெர்மியேட்' என்றுதான் பெயர். நீர் புகாத களிமண் 'இம்பெர்மியபிள்' ஆவதும் இந்த வேரிலிருந்துதான்.

பொருளோடு ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

— ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்